நகராட்சி இட ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவன் நான். இப்போது "எல்லா ஏலமும் நிராகரிப்பு" என்று கடிதம். வழக்குப் போடலாமா?

வேப்பமரத்தடி

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், நகராட்சி அலுவலகப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

எங்கள் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடமும் அதை ஒட்டிய காலி இடமும், சேர்த்து 11 சென்ட், பொது ஏலத்துக்கு வந்தது. குறைந்தபட்சத் தொகை 62 லட்சம். மூன்று பேர் முன்வைப்புத் தொகை (ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் பணம்) கட்டினோம். 71.5 லட்சத்தில் என் பெயரில் மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். ஏலப் பட்டியலில் கையெழுத்தும் வாங்கினார்கள். "உறுதி ஆணை வந்ததும் கால் பங்கு கட்டினால் போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஏழு வாரம் கழித்து நேற்று வந்த கடிதத்தில் மூன்றே வரி. "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, பெறப்பட்ட ஏலங்கள் அனைத்தும் நிராகரிக்கப்படுகின்றன. முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மறு ஏலம் பின்னர் அறிவிக்கப்படும்."

மூன்று தரம் சொன்ன பிறகு இடம் என்னுடையது என்கிறான் மைத்துனன். ஒன்றும் நடக்காது, பணத்தை வாங்கிக்கொண்டு வா என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

சுருளிமலை

மைத்துனர் சொல்வதுதான் சரி. மூன்று தரம் சொல்லியாகிவிட்டது என்றால் விற்பனை முடிந்தது. வக்கீலைப் பாருங்கள், விடாதீர்கள்.

கறுப்புக்கோட்டு

அவசரப்படாதீர்கள். உங்கள் மைத்துனர் சொல்லும் விதி உண்மையில் இருக்கிறது, ஆனால் அது சந்தையில் பொருள் விற்கும் ஏலத்துக்கானது. 1789-ல் இங்கிலாந்தில் பெயின் எதிர் கேவ் என்ற வழக்கில் சொன்னார்கள்: ஏலம் கேட்பவர் வைப்பது முன்மொழிவு மட்டுமே, சுத்தியல் விழும்போதுதான் அது ஏற்கப்படுகிறது. நம் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவும் அதே வழிதான். ஆனால் நிலம் சரக்கு அல்ல. அதோடு, அரசு அமைப்புகள் நடத்தும் ஏலத்தில் சுத்தியலைத் தட்டுபவரும் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் உள்ளவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். உங்கள் ஊரில் மூன்று தரம் சொன்னவர் வருவாய்ப் பிரிவு ஊழியராக இருப்பார். விற்க முடிவெடுக்க வேண்டியது நகர்மன்றம், சில இடங்களில் அதற்கும் மேலே அரசு.

1996-ல் லக்ஷ்மிகாந்த் வழக்கு. நாக்பூர் நகர மேம்பாட்டு அறக்கட்டளை மனை ஏலம் விட்டது, அதிகம் கேட்டவரை நிராகரித்தது. உறுதி செய்யப்படாத ஏலத்தால் எந்த உரிமையும் பிறப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் குர்கானில் ஒரு வணிக மனைக்கு 111.75 கோடி கேட்டவருக்கும் இதே பதில்தான். 2022-ல் மெஹர் தின் வழக்கிலும் அதையே திரும்பச் சொன்னார்கள்.

அதற்காக அப்பா சொல்வது முழுக்கச் சரி என்றும் ஆகிவிடாது. ஏல நிபந்தனைத் தாளை எடுங்கள். உறுதிப்படுத்தல் பற்றியும் நிராகரிக்கும் அதிகாரம் பற்றியும் உள்ள வரிகளை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். அதைப் பார்க்காமல் மேலே பேசுவதில் பயனில்லை.

வேப்பமரத்தடி

தேடி எடுத்துவிட்டேன்.

நிபந்தனை 14: "ஏலமானது மன்றத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது."
நிபந்தனை 17: "காரணம் எதுவும் கூறாமல் எந்த ஏலத்தையும் அல்லது அனைத்து ஏலங்களையும் ஏற்கவோ நிராகரிக்கவோ ஆணையருக்கு முழு அதிகாரம் உண்டு."

இதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றுமே இல்லையா?

சுருளிமலை

17-ஆவது நிபந்தனையைப் படித்ததும் நானும் பின்வாங்குகிறேன். அப்பா சொன்னபடி செய்யுங்கள்.

கறுப்புக்கோட்டு

சுருளிமலை, ஒரே நாளில் இரண்டு தீர்ப்பா!

வேப்பமரத்தடி, 17-ஐ எல்லோரும் தப்பாகத்தான் படிக்கிறார்கள். "காரணம் கூறாமல்" என்பது வேறு, "காரணம் இல்லாமல்" என்பது வேறு. முதலாவதை நிபந்தனையில் எழுதி வைக்கலாம். இரண்டாவதை அரசியலமைப்பு அனுமதிப்பதில்லை. அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவின்படி நகராட்சியும் 'அரசு'. அதனால் சமத்துவம் பற்றிய 14-ஆவது பிரிவு அதைக் கட்டுப்படுத்தும். தன் வீட்டை விற்கும் தனி மனிதன் எனக்கு உன் முகம் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், நகராட்சி சொல்ல முடியாது. பொதுச் சொத்தைக் கையாளும்போது மனம்போன போக்கில் நடக்கக் கூடாது என்று 1979-லேயே ஆர்.டி. ஷெட்டி வழக்கில் முடிவாகிவிட்டது. 2009-ல் மீரட் வளர்ச்சி ஆணைய வழக்கில் இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள்: ஏலதாரருக்கு இடத்தின் மீது உரிமை இல்லை, நியாயமாக நடத்தப்படும் உரிமை உண்டு.

ஆகவே கேள்வி "நான் ஜெயித்தேனா" என்பதல்ல. நிராகரித்த அன்று கோப்பில் ஒரு உண்மையான காரணம் இருந்ததா, அது பொதுநலனோடு ஒட்டியதா என்பதுதான். அந்தக் காரணம் அன்றே இருந்திருக்க வேண்டும். மொஹிந்தர் சிங் கில் வழக்கில், 1978-ல் வெளியான தீர்ப்பு, ஓர் ஆணையை அதில் சொல்லப்பட்ட காரணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதைத் தேற்ற முடியாது என்றார்கள். உங்கள் கடிதத்தில் "நிர்வாகக் காரணங்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது அவர்களுக்குப் பலவீனம். கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீங்கள் நீதிமன்றம் போனால் அது உங்களுக்குப் பலவீனம்.

ஓய்வுபெற்றவன்

நான் 31 வருடம் உள்ளாட்சி அலுவலகங்களில் இருந்தவன், அதில் பாதி வருவாய்ப் பிரிவு. உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

ஏலம் முடிந்ததும் கோப்பு மேலே போகும். குறிப்பு எழுதும் உதவியாளருக்கு முதல் பயம் தணிக்கை. "பக்கத்து மனை இவ்வளவுக்குப் பதிவாகியிருக்க, இதை ஏன் குறைவாக விற்றீர்கள்" என்று ஒரு தணிக்கைத் தடை விழுந்தால், ஓய்வூதியம் வரை துரத்தும். அதனால் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் "மறு ஏலம் பரிசீலிக்கலாம்" என்று எழுதிவிடுவார். அவருக்கு அதில் நஷ்டம் இல்லையே.

இரண்டாவது, போட்டி. மூன்று பேர்தான் வந்தார்கள் என்கிறீர்கள். மற்ற இருவர் எவ்வளவு வரை கேட்டார்கள்? ஒருவர் 62-க்கு ஐயாயிரம் மேலே கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்றால், கூட்டு சேர்ந்து கேட்டதாகத்தான் கோப்பில் எழுதுவார்கள். நீங்கள் யோக்கியராக இருந்தாலும் அது நியாயமான காரணமாகவே நிற்கும்.

மூன்றாவதை வெளிப்படையாக எழுத விரும்பவில்லை. வேறு யாருக்கோ அந்த இடம் வேண்டும் என்பது. இதுவும் நடக்கும்.

மூன்றில் எது என்று குறிப்புப் பக்கங்கள்தான் சொல்லும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். "ஏன் நிராகரித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், கேள்விக்குப் பதில் தருவது எங்கள் வேலை அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: ஏலக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், ஏலப் பட்டியல், மதிப்பீட்டு அறிக்கை, இந்தப் பொருள் வைக்கப்பட்ட மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, ஏல நாளுக்கும் நிராகரிப்பு நாளுக்கும் இடையில் இந்த இடம் குறித்து வந்த கடிதங்கள் அனைத்தின் நகல். கடைசியில் சொன்னதை மறக்காதீர்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் கேட்கலாம், பல சமயம் அதுதான் வேகமான வழி.

தவளைக்கல்

எல்லோரும் நம்பிக்கை கொடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். எங்கள் குடும்பமும் இப்படி ஒரு ஏலத்தில் முதல் ஆளாக வந்து நிராகரிக்கப்பட்டது. எந்த அமைப்பு என்று சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்துப் போடும் மனு) போட்டோம். நான்கு வருடம். ஜெயித்தோம்! என்ன ஜெயித்தோம் தெரியுமா? "மனுதாரரின் ஏலத்தைச் சட்டப்படி மறுபரிசீலனை செய்து, காரணத்தோடு ஆணை பிறப்பிக்க வேண்டும்." அவர்களும் மறுபரிசீலனை செய்தார்கள். இரண்டரைப் பக்கம் அழகாகக் காரணம் எழுதி மறுபடி நிராகரித்தார்கள். அதற்குள் அந்தத் தெருவில் விலை இரண்டு மடங்கு. அந்தப் பணத்தில் வேறு மனை வாங்கியிருக்கலாம் என்று அண்ணன் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

கறுப்புக்கோட்டு

தவளைக்கல் சொல்வது வழக்கமாக நடப்பதுதான். நீதிமன்றம் ஏலக்குழுவின் நாற்காலியில் உட்காராது. 1994-ல் டாடா செல்லுலார் வழக்கிலிருந்து இதுதான் நிலை. முடிவு சரியா என்று பார்ப்பதில்லை, முடிவுக்கு வந்த விதம் சரியா என்று பார்க்கிறார்கள். விதம் தப்பு என்றால் திரும்ப அனுப்புவார்கள். "இந்த இடத்தை இவருக்குப் பத்திரம் போட்டுக் கொடு" என்ற ஆணை அபூர்வம்.

நெல்லிக்காய்

சிவில் நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லி வழக்குப் போட முடியாதா? மூன்று வருட அவகாசம் இருக்கிறதே. அப்புறம், டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் மேல்முறையீடு இருப்பதாகப் படித்தேன், அதையும் கேட்கலாமே?

கறுப்புக்கோட்டு

அந்தச் சட்டம் அரசு வாங்கும்போது பொருந்துவது, சொத்தை விற்கும்போது அல்ல. நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சிவில் வழக்குக்கு முதலில் முடிந்துபோன ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அவருக்கு உறுதி ஆணை வரவில்லை, கால் பங்கு கட்டவில்லை. முன்மொழிவு மட்டும் இருக்கிறது, ஏற்பு இல்லை. உறுதி ஆணை கையில் வந்த பிறகு ரத்து செய்திருந்தால் கதையே வேறு, அப்போது நானே சிவில் நீதிமன்றம் போகச் சொல்லியிருப்பேன். 2024-ல் கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் தொடர்பான சுபோத் குமார் சிங் ராத்தோர் வழக்கில், கொடுத்த டெண்டரைப் பின்னால் ரத்து செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுத்துவிட்டுப் பிடுங்குவதற்கும் கொடுக்காமலே விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

முன்வைப்புத் தொகை பற்றி ஒன்று. இங்கே திருப்பித் தருகிறோம் என்கிறார்கள், நல்லது. பறிமுதல் என்று சொல்லியிருந்தால் 2015-ஆம் ஆண்டு கைலாஷ் நாத் தீர்ப்பைத்தான் முதலில் கையில் எடுப்பேன். டில்லியில் 1982-ல் 3.12 கோடிக்கு ஏலம் எடுத்த மனை, கட்டிய 78 லட்சத்தை வளர்ச்சி ஆணையம் வைத்துக்கொண்டது, பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டு வட்டியோடு திருப்பித் தர வைத்தார்கள்.

தபால்பெட்டி

பேச்சு நகராட்சி பற்றி என்பதால், என் பெயருக்கு ஏற்ற வழக்கு ஒன்று. இங்கிலாந்தில் பிளாக்பூல் நகராட்சி விமானத்தில் உல்லாசச் சவாரி நடத்தும் உரிமத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டது, கடைசி நேரம் நண்பகல் 12 மணி. ஒரு விமான ஓட்டிகள் சங்கம் 11 மணிக்கே உறையை நகராட்சி அலுவலகத் தபால்பெட்டியில் போட்டுவிட்டது. நண்பகலில் பெட்டியைத் திறக்க வேண்டியவர் திறக்கவில்லை. "தாமதம்" என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். 1990-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நகராட்சியின் விருப்பம், ஆனால் நேரத்தில் வந்ததைப் பரிசீலிப்பேன் என்பது கொடுத்த வாக்கு, அதை மீறினால் பொறுப்பு உண்டு. பரிசீலிக்கப்படுவதே ஓர் உரிமை. வேப்பமரத்தடிக்கு நேராகப் பொருந்தாது, சும்மா சொன்னேன்.

வேப்பமரத்தடி

மன்னிக்கவும், ஒரு மாதம் ஆகிவிட்டது. ஓய்வுபெற்றவன் ஐயா சொன்ன அதே சொற்களில் மனுப் போட்டேன். 26-ஆம் நாள் பதில் வந்தது. கை நடுங்கிவிட்டது.

ஏலம் முடிந்த ஆறாம் நாள், ஏலத்துக்கே வராத ஒருவர் ஆணையருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்: "மேற்படி இடத்தை 80 லட்சத்துக்கு வாங்கத் தயார்." அதன் மேல் குறிப்பு: "கூடுதல் வருவாய் வாய்ப்புள்ளதால் ஏலங்களை நிராகரித்து மறு ஏலம் விடலாம்." மன்றம் ஒரே வரியில் ஒப்புதல். கூட்டு, குறைந்த மதிப்பு என்றெல்லாம் எதுவும் இல்லை. மதிப்பீட்டு அறிக்கையிலும் 62 லட்சம் சரி என்றுதான் இருக்கிறது.

இப்போது வழக்குப் போடலாம்தானே?

சுருளிமலை

போடுங்கள்! இரண்டாவது முறையாக என் கருத்தை மாற்றுகிறேன்.

கறுப்புக்கோட்டு

சரி, இப்போது பேச விஷயம் இருக்கிறது.

1985-ல் ராம் அண்ட் ஷ்யாம் கம்பெனி எதிர் ஹரியானா. குவாரி ஏலம். அதிகம் கேட்டவர் ஒருவர் இருக்க, இன்னொருவர் முதலமைச்சருக்குத் தனியாகக் கடிதம் கொடுத்துக் கொஞ்சம் கூடுதல் தொகைக்கு வாங்கிவிட்டார். முதலாமவருக்கு "நீ இன்னும் ஏற்றுகிறாயா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், நீதிபதிகள் நீதிமன்றத்திலேயே இருவரையும் ஏலம் கேட்க வைத்தார்கள், தொகை பல மடங்கு ஏறியது.

2023-ல் ஈவா அக்ரோ ஃபீட்ஸ். திவால் சட்ட ஏலம். முறையாக நடந்த ஏலத்தை, இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் வைத்து ரத்து செய்யக் கூடாது என்றார்கள். உங்கள் கோப்பில் இருப்பது கிட்டத்தட்ட அதே வாசகம். இதுதான் உங்கள் வலுவான புள்ளி.

எதிர்ப்பக்கம் 1993-ல் வெளியான காமதேனு தீர்ப்பைக் கொண்டு வருவார்கள். இந்திய உணவுக் கழகம் சேதமான தானியத்தை விற்க ஒப்பந்தப்புள்ளி வாங்கியது, அதிகத் தொகை போட்டவருக்குக் கொடுக்காமல் எல்லோரையும் கூப்பிட்டுப் பேரம் பேசிக் கூடுதல் விலை வாங்கியது. அது சரி என்றார்கள். அங்கே அவர்களுக்குச் சாதகமான விஷயம், எல்லோரையும் கூப்பிட்டார்கள் என்பது. உங்கள் நகராட்சியும் அந்த 80 லட்சம்காரருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை, மறு ஏலம் என்கிறது. அதனால் ராம் அண்ட் ஷ்யாம் உங்களுக்கு முழுதாகப் பொருந்தாது.

ஓய்வுபெற்றவன்

நான் இதில் உங்கள் பக்கம் இல்லை தம்பி, கோபிக்காதீர்கள். எட்டரை லட்சம் கூடுதல் என்று எழுத்தில் வந்த பிறகு 71.5-க்கு விற்றிருந்தால், ஆணையர் மேல் நாளைக்கு விசாரணை வரும். பொதுப்பணம். அந்த இடத்தில் நான் இருந்தாலும் ரத்துதான் செய்திருப்பேன். ஆனால் அந்த ஆளிடம் முன்வைப்புத் தொகை வாங்காமல் நம்பியிருக்க மாட்டேன்.

கறுப்புக்கோட்டு

ஐயா, அங்கேதான் எனக்கு முட்டுகிறது. ஏலத்துக்கு வராமல், ஒரு ரூபாய் கட்டாமல், வெள்ளைத்தாளில் ஒரு தொகை எழுதிக் கொடுத்தால் ஏலமே கலையும் என்றால், அடுத்த ஏலத்துக்கும் அதே மாதிரி ஒரு தாள் வரும். அந்த 80 லட்சம்காரர் மறு ஏலத்துக்கு வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா?

ஓய்வுபெற்றவன்

அது நியாயம். அவரிடம் தொகையைக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்புக்கோட்டு

வேப்பமரத்தடி, உங்கள் நிலைமையில் நான் இப்படிப் போவேன். முதலில் ஆணையருக்கு ஒரு கோரிக்கை மனு, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்). வெளியாள் கடிதத்தைக் குறிப்பிட்டு, அவர் தொகை எதுவும் கட்டாததைச் சுட்டி, நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யுமாறும் அதுவரை மறு ஏலத்தை நிறுத்திவைக்குமாறும் கேளுங்கள். பத்து நாளில் அசைவு இல்லை என்றால் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ரிட் மனுவுக்குக் காலக்கெடு என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் தாமதமே உங்களைத் தோற்கடிக்கும். மறு ஏலம் முடிந்து மூன்றாவது ஆள் பத்திரம் பதிந்த பிறகு போனால், முதல் கேள்வியே இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஜெயித்தால் 71.5-க்கு இடம் கிடைக்கும் என்று நினைத்து வழக்குப் போடாதீர்கள். நீதிபதியே "80 தருகிறீர்களா" என்று கேட்கலாம். உங்கள் உண்மையான எல்லை எவ்வளவு?

வேப்பமரத்தடி

உண்மையைச் சொன்னால் 82 வரை போவேன். அதற்கு மேல் கடன்.

தவளைக்கல்

அப்போது எதற்கு வழக்கு? மறு ஏலத்தில் 82 வரை கேளுங்கள். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் வேறு இடம். எங்கள் நான்கு வருடத்தை நினைத்துத்தான் சொல்கிறேன்.

வேப்பமரத்தடி

இரண்டு நாள் யோசித்தேன். இன்று காலை கோரிக்கை மனுவை அனுப்பிவிட்டேன். மதியம் அலுவலகப் பலகையில் மறு ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், 18 நாள் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை மறுபடி 62 லட்சம்தான்! 80 லட்சம் கிடைக்கும் என்று ரத்து செய்தவர்கள் 62-லிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

மறு ஏலத்தில் கலந்துகொண்டால் முதல் ஏலத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை போய்விடுமா?

கறுப்புக்கோட்டு

அந்த 62 லட்சம் விஷயத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அறிவிப்பைத் தேதியோடு புகைப்படம் எடுங்கள். அது அவர்கள் சொன்ன காரணத்தையே கேலி செய்கிறது.

வாயை மூடிக்கொண்டு கலந்துகொண்டால், ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்பார்கள். முன்வைப்புத் தொகை கட்டும் அன்றே, "முந்தைய ஏலம் குறித்த என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் கலந்துகொள்கிறேன்" என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபால். நீதிமன்றம் போவதா வேண்டாமா என்பதை உள்ளூரில் ஒரு வக்கீலிடம் மொத்தக் கோப்பையும் காட்டி இந்த வாரமே முடிவு செய்யுங்கள். நான் இங்கே உட்கார்ந்து சொல்வது பாதிதான்.

வேப்பமரத்தடி

நாளைக்கே ஒருவரைப் பார்க்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம். பழைய முன்வைப்புத் தொகை 6.2 லட்சம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. அதையே இதற்கும் ஈடுகட்டிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்றவன்

வேண்டவே வேண்டாம். "முன்வைப்புத் தொகை செலுத்தவில்லை" என்று உங்களை வாசலிலேயே நிறுத்த அது ஒன்று போதும். பழையதைத் திருப்பி வாங்குங்கள், வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது கைக்கு வர எப்படியும் பத்து நாள் இழுப்பார்கள். அதனால் வேறு பணத்தில் புது வரைவோலை எடுத்துவிடுங்கள். யார் பெயருக்கு எடுக்க வேண்டும் என்பதைப் புது அறிவிப்பைப் பார்த்து எழுதுங்கள், பழைய தாளைப் பார்த்து எழுதாதீர்கள்.

வேப்பமரத்தடி

சரி ஐயா. இப்போதுதான் பார்த்தேன், போன முறை நகராட்சி ஆணையர் பெயருக்கு என்று இருந்தது, இந்த முறை நகராட்சி நிதிக்கு என்று மாற்றியிருக்கிறார்கள்.